பால்கோவா கிண்டுற கைக்கு ஒரு ‘சின்ன’ ஆபரேசன்

பால்கோவா கிண்டுறது ஒண்ணும் பெரிய வேலை இல்லங்க. பாலும் சீனியும் சட்டிக்குள்ள கிடந்து வேகும், நாம சட்டிக்கு வெளிய கிடந்து வேகணும், அம்புட்டுத்தான்.

என்ன சிரிப்பு? உங்களைத்தான் சொல்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸு நிக்கிற செத்த நேரத்துல இறங்கி ஓடியாந்து, அரைக் கிலோ டப்பா வாங்கி, கல்லுப்பட்டி தாண்டுறதுக்குள்ள டப்பா மூடி வரைக்கும் வழிச்சுத் தின்னுட்டு, “போன தடவை மாதிரி இல்லப்பா”ன்னு சொல்ற கூட்டம்தான நீங்க? இப்பம் கூட ஒரு கையில போனைப் பிடிச்சு, பெருவிரலால தள்ளித் தள்ளித்தான் இதை வாசிக்கிறிய. அந்தப் பெருவிரலு செத்த மரத்த மாதிரி இருக்கா? கையை உதறுறியளா? வாங்க, வாங்க. நீங்களும் நம்ம கூட்டந்தான், கொஞ்சம் லேட்டா வந்திருக்கிய.

என்னைப் பத்திச் சொல்லணும்னா, இன்ஜினியரிங் ரெண்டாம் வருசத்துல “நீயா போறியா, நாங்க அனுப்பவா”ன்னு காலேஜுல கேட்டாவ, மரியாதை தெரிஞ்சவன்கிறதால நானே வந்துட்டேன். பொறவு ராஜபாளையத்துல ஒரு மில்லுல சேந்தேன். நூலு அறுந்தா ஒட்டணும்னாங்க, நூலுக்கு முந்தி நான் அறுந்துட்டேன். செல்போன் கடையில இருந்தேன், வாய் சாஸ்தின்னு அனுப்பிட்டாவ. எந்த வேலையிலயும் ஒரு வருசம் முழுசா உக்காந்தவன் இல்ல. இந்த பால்கோவா அடுப்பு முன்னாடி மட்டும் நாலு வருசமா நிக்கேன். ஏன்னு எனக்கே தெரியல. சட்டியை விட்டு நகந்தா அடிப்பிடிச்சிரும்கிறதால இருக்கலாம்.

டாட்டா

எங்க கடையில முன்னாடி கல்லா, பின்னாடி அடுப்பு, நடுவுல ஒரு கண்ணாடி. கிண்டுறதை சனங்க பாத்தாத்தான் நம்புவாங்கன்னு முதலாளி அண்ணாச்சி வச்ச கண்ணாடி. உள்ள புளிய விறகு எரியும், மேல இரும்புச் சட்டி, கையில நீளக் கரண்டி. பாலு சுண்டுற வரைக்கும் சும்மா விளையாட்டுத்தான். கெட்டியாக ஆரம்பிச்ச பொறவு கரண்டியை ஒரு நிமிசம் விட முடியாது. மணிக்கட்டை வளைச்சு வளைச்சு அடியைச் சுரண்டிக்கிட்டே இருக்கணும். ஒரு சட்டியை இறக்குனா, “அடுத்த பாலு ஊத்துலே”ம்பாரு அண்ணாச்சி.

அப்படியாப்பட்ட ஒரு நாளுதான் பெருவிரலு, ஆள்காட்டி விரலு, நடுவிரலு மூணும் மரத்துப் போச்சு. உள்ள கட்டெறும்பு ஊருற மாதிரி சுருசுருன்னு வேற. கையைத் தொங்கப் போட்டு உதறுனா செத்த நேரம் சரியாகும். அதனால சட்டியை இறக்கி வச்சிட்டு, கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு உதறு உதறுன்னு உதறுறேன். முன்னாடி நின்ன மதுரைக்கார அம்மா ஒண்ணு சிரிச்சுக்கிட்டே எனக்கு டாட்டா காட்டிச்சு. நான் மறுபடி உதற, அந்தம்மா மறுபடி காட்ட, நான் விடாம உதற, கடைசியில அந்தம்மா முகம் மாறிப்போயி கல்லாவுல வந்து கேட்டுச்சு:

“ஏங்க, உள்ள இருக்கிற தம்பி வரச் சொல்றாரா, போகச் சொல்றாரா? பஸ்ஸு வேற ஹாரன் அடிக்கிறான்!”

விரலுக்கு வந்த கேடு

கோவாவுக்கு உசுரே பதந்தான். சட்டியில நெய் லேசா விலகி நிக்கும்போது கரண்டி நுனியில இருந்து ஒரு துளி எடுத்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு உருட்டணும். மணல்மணலாவும் இருக்கணும், மெத்துன்னும் இருக்கணும். அப்பம் சொல்லணும், “இறக்கு!” செத்த முந்துனா கூழு, செத்த பிந்துனா செங்கல்லு. கடிகாரத்தைப் பாத்துச் சொல்ல ஏலாது, ஏன்னா பாலு ஒரு நாள் மாதிரி ஒரு நாள் வராது. இப்பம் நீங்களே சொல்லுங்க. மரத்துப் போக உடம்புல எம்புட்டு இடம் இருக்கு? முட்டி இருக்கு, முதுகு இருக்கு, எங்க காலேஜு கணக்குப்படி என் மண்டை இருக்கு. அதெல்லாத்தையும் விட்டுட்டு பதம் பாக்குற அந்த ரெண்டு விரலுதான் கிடைச்சுதா?

வெளிய சொல்லவும் முடியாது. அண்ணாச்சி கடையில ஒரே சட்டம். பதம் சொல்லத் தெரிஞ்சவனுக்கு அடுப்பு, தெரியாதவனுக்கு பால் கேன் கழுவுற குழாயடி. நாலு வருசத்துல நான் உருப்படியா கத்துக்கிட்டது இந்த ஒண்ணுதான், அதுவும் போச்சுன்னா பழையபடி எந்தக் கடையில போயி வாயாடுறது? அதனால கமுக்கமா இடது கையால உருட்டிப் பாக்க ஆரம்பிச்சேன். இடது கை விரலுக்கு என்ன தெரியும்? அதுக்கு எல்லாமே மெத்துன்னுதான் இருந்துச்சு. வத்திராயிருப்புல இருந்து வாராவாரம் வர்ற பட்டாளத்துத் தாத்தா ஒருத்தரு ஒரு விள்ளலு வாயில போட்டாரு, போட்டவரு அப்படியே நின்னுட்டாரு. “ஏலே, வீட்டுக்குப் போயி பல்லு செட்டை மாட்டிட்டு வாரேன், பொறவு நல்லாருக்கா இல்லையான்னு சொல்லுதேன்”னாரு.

நல்ல வேளை, அண்ணாச்சி காதுல விழல. ஆனா பக்கத்து அடுப்புல கிண்டுற மாரியப்பண்ணன் காதுல விழுந்துச்சு. அவரு இருபது வருசமா கிண்டுறவரு, என்னை அந்த அடுப்புக்குக் கொண்டாந்ததே அவருதான். மறுநாளு நான் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இடது கையைச் சட்டிக்குக் கொண்டு போனேன். கபக்குன்னு பிடிச்சாரு.

“ஏலே, இனிப்புல எந்தக் கையை வைக்கே? ஊரே கண்ணாடி வழியா பாக்குது, இன்னைக்கே கடையை மூடிருவாம்லே!”

திருப்பிப் போட்டா வலது

வீட்டுல சொன்னதும் எங்கம்மா டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போகல. நாங்க இருக்கிறது மடவார் வளாகத்துல. வாசல்லயே வைத்தியநாத சாமி இருக்கும்போது ராஜபாளையத்துக்கு எதுக்கு பஸ்ஸு ஏறணும்னு ஒரே பிடி. அங்க வெள்ளித் தகட்டுல கண்ணு, காலு, கைன்னு உருவம் விப்பாவ. எந்த உறுப்புல சீக்கோ அதை வாங்கி சாமிக்குச் செலுத்தணும். போனா, கடைக்காரருகிட்ட இருக்கிறது பூராம் இடது கை. வலது கையெல்லாம் வித்துப் போச்சாம். ஊருல எம்புட்டுப் பேரு கையை உதறிக்கிட்டுத் திரியுதாவன்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு.

எங்கம்மா விடுமா? “சாமி பாட்டுக்கு இடது கையைச் சரி பண்ணிட்டா எம்புள்ளைக்கு என்ன பிரயோசனம்? எனக்கு வலதுதான் வேணும்”னு நிக்கி. பின்னாடி சனம் முண்டுது. நான் கையை உதறிக்கிட்டே நிக்கேன். கடைக்காரரு பொறுத்துப் பொறுத்துப் பாத்தாரு. ஒரு தகட்டை எடுத்து, பெருவிரலு அந்தப் பக்கம் போற மாதிரி கவுத்து வச்சாரு.

“திருப்பிப் போட்டா வலது கை, அம்புட்டுத்தானம்மா! சாமிக்கு இது கூடவா தெரியாது?”

கரண்டு

சாமிக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா விரலுக்குத் தெரியல. கடைசியில மாரியப்பண்ணனே விசயத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு என்னை பைக்குல உக்கார வச்சு ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு, அம்மா பஸ்ல பின்னாடியே வந்துட்டா. முதல்ல நரம்பு டெஸ்டு எடுக்கணும்னாங்க. கையில கரண்டு விட்டுப் பாப்பாங்களாம், நரம்பு எம்புட்டு வேகத்துல வேலை பாக்குதுன்னு தெரியுமாம். மெசின்கிட்ட ஒரு அக்கா உக்காந்திருந்தாங்க. என் கையில பசை மாதிரி என்னத்தையோ தடவி, வயரை வச்சு ஒட்டுனாங்க. நான் போட்ட சத்தத்துல வெளிய பெஞ்சுல இருந்த எங்கம்மா “வைத்தியநாதா!”ன்னு எந்திரிச்சிட்டா.

அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பாத்தாங்க.

“தம்பி, நான் இன்னும் சுவிச்சே போடல. வயரு மட்டுந்தான் ஒட்டியிருக்கேன்.”

பொய் சொல்லாத மெசினு

டாக்டரு அந்த ரிப்போர்ட்டைப் பாத்தாரு, என் உள்ளங்கையைப் பாத்தாரு, பெருவிரலு அடியில இருக்கிற சதையை அமுக்கிப் பாத்தாரு. இடது கையில மேடா இருக்கு, வலது கையில சப்பையா இருக்கு. கார்பல் டன்னலாம். மணிக்கட்டுல ஒரு சந்து இருக்காம், அதுக்குள்ள நரம்பு நெருக்கடியில மாட்டிக்கிட்டு முழிக்குதாம். எங்கம்மா உடனே, “கைக்குள்ள என்ன சார் டன்னலு, செங்கோட்டை ரயிலா போகுது?”ன்னு கேட்டா. டாக்டரு சிரிக்கல. அப்பம்தான் எனக்கு லேசா பயம் வந்துச்சு.

“ஆபரேசன் பண்ணி நெருக்கடியை எடுத்து விடலாம். இன்னும் தள்ளிப் போட்டா விரல்ல உணர்ச்சி வராமலே போயிரும். இப்ப பண்ணுனாலும் பழையபடி முழுசா வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், மெதுவாத்தான் வரும்”னாரு. எனக்கு சட்டியும் கரண்டியும் குழாயடியும் கண்ணு முன்னால வந்து போச்சு. அவரு கேட்டாரு, “எத்தனை நாளா இருக்கு?” நான் சட்டுன்னு, “ஒரு ரெண்டு வாரம் சார்”னேன். எங்கம்மா அதை விட சட்டுன்னு, “போன தீவாளியில இருந்து உதறுதான் சார்”னா. டாக்டரு ரிப்போர்ட்டை மடக்கி வச்சாரு.

“தம்பி, என்கிட்ட பொய் சொல்லிக்கோங்க. அந்த மெசின்கிட்ட சொல்ல முடியாது.”

அடுப்பு எங்கயும் போகாது

அண்ணாச்சிகிட்ட சொல்லப் போனேன். போற வழி பூராம் ஒத்திகை. ஆடிப்பூரத் தேரு வருது, கடையில வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போற நேரம், ஆறு வாரம் கரண்டியைத் தொடக் கூடாதுன்னு எப்படிச் சொல்ல? அவரு கத்துவாரு, நானும் ரெண்டு வார்த்தை எடுத்து விடலாம்னு நினைச்சுத்தான் போனேன். மனுசன் கத்தவே இல்ல. “சின்ன ஆபரேசன்தானலே, போயிட்டு வா. அடுப்பு எங்கயும் போகாது”ன்னாரு. எனக்கு கண்ணு கலங்கிருச்சு. திரும்பிப் பாக்கேன், டப்பா ஒட்டிக்கிட்டு இருந்த செல்வத்தைக் கூப்பிட்டு என் கரண்டியை எடுத்துக் குடுக்காரு. செல்வம் என் வயசுக்காரன், புதுசாக் கல்யாணமானவன், நாளெல்லாம் சேத்து நாலு வார்த்தை பேசுற ஆளு. வாங்கிக்கிட்டு நேரா அடுப்புக்குப் போயிட்டான்.

நான் மாரியப்பண்ணன் பக்கத்துல போயி, “பாத்தியளாண்ணே, அடுப்பு போகாதுன்னு இப்பம்தான சொன்னாரு”ன்னேன்.

“அடுப்பு போகாதுன்னுதாம்லே சொன்னாரு. ஆளு மாறாதுன்னு சொன்னாரா?”

எந்தக் கை?

ஆபரேசன் அன்னைக்கு வாசல்ல சீட்டுப் போட்டவங்க கேட்டாங்க, “எந்தக் கை?” வலதுன்னேன். மேல போனேன், உடுப்பு குடுத்தவரு கேட்டாரு, எந்தக் கை? வலது. பிரசர் பாத்தவங்க, ஊசி டாக்டரு, ஸ்ட்ரெச்சரு தள்ளுனவரு, எல்லாரும் எந்தக் கை, எந்தக் கை? எந்தக் கைன்னே தெரியாமலா இம்புட்டுப் பேரு சேந்து படுக்கப் போட்டிருக்கிய? கடைசியா ஜெசிந்தா சிஸ்டருன்னு ஒருத்தங்க, கையில மார்க்கர் பேனாவோட வந்து அதையே கேட்டாங்க. வாய் சும்மா இருக்குமா? “இடது”ன்னேன்.

அம்புட்டுத்தான். சிஸ்டரு பேனாவை மூடிட்டாங்க. பைலு வந்துச்சு, ரிப்போர்ட்டு வந்துச்சு, ஊசி டாக்டரு திரும்ப வந்தாரு. முதல்ல கேட்ட ஆளுல இருந்து எல்லாரும் வரிசையா வந்து மறுபடி கேட்டாங்க, நான் வரிசையா வலது, வலது, வலதுன்னு பாராயணம் பண்ணுனேன். வெளிய எங்கம்மாவைக் கூப்பிட்டு, “இவருக்கு மனநிலை எப்படி?”ன்னு வேற விசாரிச்சிருக்காங்க. எல்லாம் முடிஞ்ச பொறவு சிஸ்டரு என் வலது கையில பெருசா ஒரு அம்புக்குறி போட்டாங்க. கண்ணை மூடி எனக்காகச் செத்த நேரம் ஜெபம் பண்ணுனாங்க. ஆமென் சொல்லிட்டு, அதே அமைதியான குரல்ல சொன்னாங்க:

“தம்பி, இன்னொரு தடவை இங்க ஜோக் அடிச்சா, கையை விட்டுட்டு நாக்குல அம்புக்குறி போட்டுருவேன்.”

வாயால சொல்லுங்க

மயக்க மருந்து முழுசா குடுப்பாங்கன்னு நினைச்சேன். கையை மட்டும் மரக்க வச்சாங்க. ஏற்கெனவே மரத்துப் போன கையை மரக்க வைக்க ஊசியாம், அந்த ஊசி மட்டும் எப்படி அம்புட்டு வலிச்சுதுன்னு தெரியல. நடுவுல பச்சைத் துணியைக் கட்டிட்டாங்க. அந்தப் பக்கம் என் கை, இந்தப் பக்கம் நான். டாக்டரு தெலுங்குல சிஸ்டருகிட்ட ஏதோ சொல்லிச் சிரிச்சாரு. எனக்குத் தெலுங்கு தெரியாது, ஆனா பால்கோவாவுக்கு தெலுங்குலயும் பால்கோவாதான் போல.

பொறவு என்கிட்டயே கேட்டாரு, “ஏன் தம்பி, எங்க வீட்டுல பண்ணுனா மட்டும் கட்டியாப் போயிருதே, ஏன்?” இந்த உலகத்துல என்கிட்ட ஒரு டாக்டரு சந்தேகம் கேக்காரு! நான் படுத்துக்கிட்டே ஆரம்பிச்சேன். தீயை எப்பம் குறைக்கணும், சீனியை எப்பம் போடணும், கரண்டியை எப்படிச் சுத்தணும்னு விளக்கமாச் சொல்லிக்கிட்டு வந்தேன். “பொறவு ஒரு துளி எடுத்து இந்தா இப்படி...”ன்னேன். துணிக்கு அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்னு போச்சு.

“பதத்தை வாயால சொல்லுங்க தம்பி! விரலை ஆட்டாதீங்க, கத்தி உள்ள இருக்கு!”

பெல்ட்டு

ஒத்தைக் கையால பல்லு விளக்கலாம், தலை சீவலாம், இடது கையால திங்குறதைப் பாத்து அம்மா முறைச்சா அவளையே ஊட்டி விடச் சொல்லலாம். லுங்கி கட்ட முடியாது. முயற்சி பண்ணிப் பாருங்க. ஒரு முனையைப் பிடிச்சா மறுமுனை போகும், அதைப் பிடிச்சா மானம் போகும். ரெண்டு நாளு அதைப் பிடிச்சுக்கிட்டே திரிஞ்சேன். மூணாம் நாளு பரண்ல கிடந்த காலேஜு பெல்ட்டை எடுத்து லுங்கி மேல போட்டேன். அதுக்கும் ஒத்தைக் கை பத்தல, பல்லால இழுத்து மாட்டுனேன். என்ன இருந்தாலும் பாதி இன்ஜினியரு மூளை இல்லையா? எங்கம்மா வாசல் தெளிச்சிட்டு உள்ள வந்தவ, என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தா.

“ஒழுங்காப் படிச்சிருந்தா அந்த பெல்ட்டு ஒரு பேண்டு மேல இருந்திருக்கும்லே.”

கையைத் தூக்கு

கட்டுப் போட்ட கையை நெஞ்சுக்கு மேல தூக்கியே வச்சிருக்கணும், தொங்கப் போட்டா வீங்கிரும்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. வீட்டுக்குள்ள சரி. ரோட்டுல? மெயின் ரோட்டு ஓரமா டீக்கடைக்கு நடந்து போறேன், கை மேல நிக்குது. ஷேர் ஆட்டோ ஒண்ணு வந்து நின்னுச்சு. இல்லன்னு தலையை ஆட்டுனேன். அடுத்தது நின்னுச்சு. எதுத்தாப்புல ஒருத்தரு யாரோ தெரிஞ்சவன்னு நினைச்சு எனக்குக் கையைத் தூக்கிக் காட்டுனாரு. மில்லு வேனு கூட வேகத்தைக் குறைச்சான். டீக்கடை போய்ச் சேருறதுக்குள்ள அந்த ரோட்டுல என்னால நிக்காத வண்டி இல்ல.

திரும்பி வரும்போது அதே மினி பஸ்ஸு ரெண்டாவது தடவையா நின்னுச்சு. உள்ள அம்புட்டு சனமும் என்னையே பாக்குது. டிரைவரு தலையை வெளிய நீட்டுனாரு.

“ஏறுனா ஏறு, இல்லன்னா கையை இறக்குலே! டீசலு என்ன உங்கய்யாவா ஊத்துதாரு?”

பாக்க வந்தவிய

நோயாளியைப் பாக்க வெறுங்கையோட வரக் கூடாதுங்கிறது நல்ல பழக்கம். ஆனா என்ன வாங்கிட்டு வரணும்னு யோசிக்கிற பழக்கம் நம்ம ஊருல கிடையாது. வந்த சனம் பூராம் கொண்டாந்தது பால்கோவா. நாலு வருசமா அந்த வாடையிலயே குளிச்சு எந்திரிக்கிறவனுக்கு! ராஜபாளையத்துல இருந்து எங்க சித்தி ஒரு கிலோவோட வந்தா. டப்பாவைப் பாத்தேன், எதிர்க்கடை பேரு. “ஏன் சித்தி, எங்க கடையில வாங்கலையா?”ன்னேன். சித்தி ஒரு விள்ளலை என் வாயில திணிச்சிட்டுச் சொன்னா:

“போனேன்டா. அங்க யாரோ புதுப் பையன் நல்லா கிண்டுதானாம்னு ஒரே கூட்டம், வரிசையில யாரு நிக்க?”

சீனியா ரவையா

தையலு பிரிச்சாச்சு. உள்ளங்கையில ஒரு கோடு, தொட்டா சுள்ளுன்னு வலி. ராத்திரி மரக்கிறது நின்னு போச்சு, உதறலு நின்னு போச்சு, எல்லாம் சரி. ஆனா விரலு நுனி? அதுதான எனக்கு வேணும். கண்ணை மூடிக்கிட்டு அம்மாகிட்ட, “ஏதாவது வை, விரலால உருட்டிப் பாத்துச் சொல்றேன்”ன்னேன். முதல்ல வச்சா. “சீனி”ன்னேன். ரெண்டாவது வச்சா. அதையும் “சீனி”ன்னேன். மூணாவதும் சீனி மாதிரியேதான் இருந்துச்சு. கண்ணைத் திறந்து பாத்தா ஒண்ணு சீனி, ஒண்ணு ரவை, ஒண்ணு கல்லு உப்பை நுணுக்கி வச்சிருக்கா. ரவைக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாதவன் பதத்தை எங்க இருந்து சொல்ல?

அன்னைக்கு நான் ஜோக்கு எதுவும் அடிக்கல. தட்டைத் தள்ளி வச்சிட்டுச் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டேன். எங்கம்மாவும் வழக்கம் போல குத்தலா எதுவும் சொல்லல, அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு. மூணையும் தனித்தனியா திரும்ப எடுத்து வச்சா.

“நாளைக்கு மறுபடி பாப்போம். ரவை எங்கயும் ஓடிறாது.”

பேசாத கை

தினமும் ரவை, சீனி, உப்பு. நடுவுல ஒரு நாளு ரவை ரவையாத் தெரிஞ்சுச்சு. மறுநாளு தெரியல. டாக்டரு, “லேசான வேலை பாக்கலாம், கரண்டியை மட்டும் தொடாதீங்க”ன்னாரு. கரண்டியைத் தொடாம பால்கோவா கடையில என்ன வேலை இருக்கு? டப்பாவுக்கு லேபிள் ஒட்டுற வேலை. செல்வம் உக்காந்திருந்த அதே ஸ்டூலு. கண்ணாடிக்கு முன்பக்கம் நான், பின்பக்கம் அவன். சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் கிண்டுனான். பதம் மட்டும் அவனுக்கு வரல. ரெண்டு அடுப்புக்கும் மாரியப்பண்ணந்தான் பதம் சொன்னாரு. அதையே பிடிச்சுத் தொங்கிக்கிட்டு மனசைத் தேத்திக்கிட்டேன்.

கோர்ட்டுல வேலை பாக்குற ஒரு அக்கா வழக்கமா எங்க கடையிலதான் வாங்குவாங்க. நான் கிண்டும்போது நின்னு ஊரு நியாயம் பூராம் என்கிட்ட கேட்டுட்டுப் போவாங்க. என்னை ஸ்டூல்ல பாத்ததும், “அடடா, என்னாச்சு?”ன்னாங்க. கையைக் காட்டி முழுக் கதையும் சொன்னேன். “ச்ச், பாவம்”ன்னுட்டு கண்ணாடிப் பக்கம் திரும்புனாங்க.

“ஆனா அந்தத் தம்பியும் அருமையா கிண்டுறாரு. முக்கியமா, பேசுறதே இல்ல.”

இறக்கு

தேரு அன்னைக்கு. ரோட்டுல எள்ளு போட்டா எள்ளு விழாத கூட்டம். மாரியப்பண்ணன், “வருசா வருசம் வடம் பிடிக்கிற ஆளு நான், இந்தா இப்படிப் போயிட்டு அப்படி வாரேன்”னு போனவரு, கூட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டாரு. கல்லாவுல அண்ணாச்சிக்கு மூச்சு விட நேரமில்ல. உள்ள செல்வத்தோட சட்டி கெட்டியாகிக்கிட்டு இருக்கு, நெய் விலகுது. அவன் கிண்டிக்கிட்டே எட்டி எட்டி வாசலைப் பாக்கான். மாரியப்பண்ணன் தலையே தெரியல. கண்ணாடி வழியா என்னைப் பாத்தான். வாயைத் திறந்தான். “வா”ன்னான்.

சொன்னது தப்பாப் போனா தேரு நாளுல ஒரு முழுச் சட்டி பாழு, நேரா குழாயடிதான். போனேன். கரண்டி நுனியில இருந்து ஒரு துளியைக் கிள்ளி, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சேன். அம்மாடி, சுட்டுச்சு! தீவாளிக்கு முந்தி சுட்டது, அதுக்குப் பொறவு இப்பந்தான் சுடுது! “சுட்டுருச்சுலே! சுட்டுருச்சுலே செல்வம்!”னு குதிக்கிறேன். கண்ணுல தண்ணி வேற. செல்வம் என்னைப் பைத்தியத்தைப் பாக்குற மாதிரி பாத்துட்டு, அன்னைக்குள்ள மிச்ச வார்த்தையெல்லாம் சேத்துச் சொன்னான்: “அடுப்புல இருந்தா சுடத்தாம்லே செய்யும், பதத்தைச் சொல்லு!” உருட்டுனேன். மெத்துன்னு இருந்துச்சு, மணல் இல்ல. இன்னும் செத்த நேரம்னேன். மறுபடி கிள்ளுனேன். இப்பம் விரலுக்கு நடுவுல பொடிப்பொடியா, தனித்தனியா, நல்லாத் தெரியுது. நடுவிரலு இன்னும் தூங்குது, அது கிடக்கட்டும். “இறக்கு!”

இறக்குன சட்டியில இருந்து அண்ணாச்சி ஒரு விள்ளலு எடுத்து வாயில போட்டாரு. அம்புட்டுக் கூட்டத்துக்கு நடுவுலயும் கண்ணை மூடி நின்னாரு. செல்வம் துண்டால முகத்தைத் துடைச்சிட்டு அடுத்த பாலை ஊத்தப் போயிட்டான். அண்ணாச்சி கண்ணைத் திறந்து என் முதுகுல ஒரு தட்டு தட்டுனாரு.

“கைன்னா இதாம்லே கை! ஆறு வாரம் கழிச்சு ஒரு சட்டி கிண்டுனாலும் கிண்டுனான் பாரு!”

நானும் பணிவாத் தலையைக் குனிஞ்சு, “எல்லாம் உங்க ஆசீர்வாதம் அண்ணாச்சி”ன்னுட்டேன். அந்தச் சட்டியை முதல் பாலுல இருந்து கடைசிச் சுரண்டு வரைக்கும் கிண்டுனது செல்வம், நான் ரெண்டு கிள்ளு கிள்ளிட்டுப் பேரை வாங்கிக்கிட்டேன்.